தம் சமயத்தைத் தாமே உரைத்தல்

மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தேழாம் காதை, 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை' என்னும் பெயருடையது. தவவடிவம் பூண்டு வஞ்சி மாநகர் புகுந்த மணிமேகலை, அங்கு வாழ்ந்த பல சமயத்துக் கணக்கரையும் அணுகுகிறாள். அளவை வாதி, சைவ வாதி, பிரம வாதி, வைணவ வாதி, வேத வாதி, ஆசீவகன், நிகண்ட வாதி, சாங்கியன், வைசேடிகன், பூத வாதி எனப் பலரிடமும் அவரவர் கொள்கையை உரைக்குமாறு வேண்டுகிறாள். அவர்களும் உரைக்கின்றனர். பௌத்த அறத்தின் மேன்மையை நிறுவ எழுந்தது அக்காப்பியம். எனினும் பிற சமயத்தாரின் கருத்தைச் சாத்தனார் அவரவர் வாய்மொழியாகவே அமைத்துக் காட்டுகிறார். மறுப்பதற்கு முன் கேட்க வேண்டும். அதையும் அச்சமயத்தாரிடமே கேட்க வேண்டும் என்னும் நெறி நம் இலக்கியத்தில் தொன்மைக் காலத்திலேயே வேரூன்றியிருந்தது என்பதற்கு அக்காதை சான்று.

இக்காதையை நான் பன்முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆயினும் அதன் ஆழத்தை எனக்கு உணர்த்தியவன் ஒரு சிறுவன். சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசம் முடிந்த மறுநாள், பிடோக்கில் வாழும் மாணவன் ஒருவன் பள்ளி முடிந்தபின் என் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் தந்தையார் அவ்வாண்டு அலகுக் காவடி எடுத்திருந்தார். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியில், பக்கத்து வீட்டுச் சீனச் சிறுவன் அவனைப் பார்த்து, "உன் அப்பா மந்திரவாதியா? பேயை வணங்குபவரா?" என்று கேட்டானாம். கேட்டவன் பகைவன் அல்லன். நாள்தோறும் அவனுடன் பந்து விளையாடும் தோழன். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நம் மாணவனோ, "அது எங்கள் பழக்கம்" என்று மட்டும் கூறித் தலைகுனிந்து வந்துவிட்டான். "ஐயா, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?" என்று அவன் என்னிடம் கேட்டான்.

விடை தெரியாதபோது, 'நாளை சொல்கிறேன்' என்று கூறுவது ஆசிரியருக்கு இழுக்கன்று என எனக்கு ஆசிரியப் பயிற்சியில் கற்பித்தார்கள். நானும் அவ்வாறே கூறினேன். பிறர் அஞ்சும் அல்லது நகைக்கும் வழிபாட்டை உடையோர், தம்மைப் பிறருக்கு எவ்வாறு உணர்த்துவது? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டபோது, நம்மோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு மேலைநாட்டுச் சமயக் குழுவின் வரலாறு கைக்கு எட்டியது. அவ்வரலாற்றின் ஒரு வேர் மலாயா மண்ணிலும் படர்ந்திருந்தது கண்டு வியந்தேன்.

பெயர் படுத்தும் பாடு

ஒரு சமயத்தாருக்கு நேரும் முதல் துன்பம், பிறர் அவர்களுக்கு இடும் பெயரால் நேர்வதே. கிறித்தவம் பரவிய ஐரோப்பாவில், பழைய தெய்வங்களை வணங்கியோரைப் 'பேகன்' என்னும் சொல்லால் குறித்தனர். அச்சொல்லின் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்தில் வாழ்பவன் என்பதே பொருள். ஊர்ப்புறத்தானைக் குறித்த சொல், காலப்போக்கில் நெறி பிறழ்ந்தவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. 'சூனியக்காரி' என்னும் பொருள்படும் சொல்லோ அதனினும் கொடியது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை, அப்பெயர் சூட்டப்பட்டுக் கொலையுண்டோர் பல்லாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவின் சேலம் என்னும் ஊரில் 1692-ஆம் ஆண்டு நடந்த வழக்குகளை உலகம் இன்றும் மறக்கவில்லை. இந்தியாவிலும் இக்கொடுமை பழங்கதையாகிவிடவில்லை. ஒருத்தியைச் சூனியக்காரி எனப் பழிசுமத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் மாநிலம் 1999-ஆம் ஆண்டிலும், சார்க்கண்டு மாநிலம் 2001-ஆம் ஆண்டிலும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது.

நம் முன்னோர் வழிபாட்டுக்கும் இத்தகைய பெயரிடல் நிகழ்ந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டு வெளியிட்டுத் தமிழின் தனித்தன்மையை உலகிற்கு உணர்த்திய கால்டுவெல் ஐயரை நாம் போற்றுகிறோம். அவரே 1849-இல் வெளியிட்ட ஒரு நூலில், நெல்லைச் சீமையின் நாட்டார் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே குறித்தார். மொழியை ஆராய்ந்தபோது மலர்ந்த கண், வழிபாட்டை நோக்கியபோது முழுமையாக மலரவில்லை.

இதற்கு மாறான ஒரு முயற்சி அதற்கு முன்னரே தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழரிடமே வினாக்கள் தொடுத்து, அவர்கள் எழுதிய மடல்களையும் தமிழ் நூல்களையும் துணைக்கொண்டு, 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிய நூலொன்றை எழுதி முடித்தார். ஊர்த்தெய்வங்களுக்கு அந்நூலில் தனிப்பகுதியே உண்டு. தமிழரை மதமாற்றம் செய்ய வந்தவர் அவர். நம் வழிபாட்டை ஏற்றவர் அல்லர். எனினும் உரியவரிடமே கேட்டு எழுதியமையால் அந்நூல் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. அது அச்சேறியதோ 1867-ஆம் ஆண்டில், சென்னையில். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து. கேட்டறிந்து எழுதிய நூல் உறங்கிக் கிடக்க, பேய் வழிபாடு என்னும் பெயர் மட்டும் ஊர் சுற்றி வந்தது. அப்பெயரே பிடோக் மின்தூக்கி வரை வந்து சேர்ந்தது போலும்!

மலாயாவில் ஓர் ஆங்கிலேயர்

ஜெரால்டு கார்டினர் என்பார் 1884-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இலிவர்பூல் நகருக்கு அண்மையில் பிறந்தவர். இளமையிலேயே ஈளை நோயால் வருந்தியவர். முறையான பள்ளிக் கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 1900-ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகினார். 1908-இல் போர்னியோவிற்கும், 1911-இல் மலாயாவிற்கும் சென்றார். இரப்பர்த் தோட்டங்களில் பணியாற்றியபின் 1923-இல் அரசுப் பணியில் சேர்ந்து, ஜொகூரில் நெடுநாள் வாழ்ந்தார். தோட்டத்து வெள்ளையர் பலர் உள்ளூர் மக்களின் நம்பிக்கைகளை இழிவாகக் கருதிய காலம் அது. கார்டினரோ அவற்றைக் கேட்டறிவதில் பேரார்வம் காட்டினார். மலாய் மக்களின் கிரிஸ் எனப்படும் குறுவாளைப் பற்றியும் பிற படைக்கலங்களைப் பற்றியும் அவர் எழுதிய நூல் 1936-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளிவந்தது. பழைய ஜொகூர்த் தலைநகர் இருந்த இடத்தில் அகழ்ந்து ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

அவ்வாண்டே அவர் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். பழஞ்சமயத்தைக் கரவாகப் போற்றி வந்த ஒரு குழுவினர் 1939-இல் தம்மைச் சேர்த்துக்கொண்டதாக அவர் பின்னாளில் கூறினார். ஆணும் பெண்ணுமாகிய இரு தெய்வங்களைப் போற்றி, திங்களின் நிறைவையும் பருவங்களின் சுழற்சியையும் விழாவாகக் கொண்டாடும் அச்சமயம் இன்று 'விக்கா' எனப்படுகிறது. இயற்கையைத் தெய்வமாகக் கொள்ளும் பிற புதுக்குழுக்களும் அதனுடன் சேர்ந்து 'பேகன்' என்னும் பழைய இழிபெயரையே தம் பெயராக விரும்பி ஏற்றுக்கொண்டன. பிறர் இட்ட வசைப்பெயரைத் தாமே சூடிக்கொண்டு அதன் நஞ்சை முறிப்பதும் ஒரு வழியே.

அக்காலத்தில் இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அச்சட்டம் சூனியக்காரரைக் கொல்லச் சொல்லவில்லை; அத்தகைய ஆற்றல் தமக்கு உண்டெனக் கூறி நடிப்போரைத் தண்டித்தது. ஆவியோடு பேசுவதாகக் கூறிய பெண்மணி ஒருவர் 1944-இல் இச்சட்டத்தின்கீழ்ச் சிறை சென்றார். ஆகவே கார்டினர் 1949-இல் தம் சமயச் செய்திகளை ஒரு புனைகதையுள் மறைத்துப் புனைபெயரில் வெளியிட்டார். 1951-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1954-இல் அவர் தம் சொந்தப் பெயரிலேயே தம் சமயத்தை விளக்கி நூல் எழுதினார். மான் தீவில் அமைந்திருந்த சூனியக்கலை அருங்காட்சியகத்தை விலைக்கு வாங்கி நடத்தினார். செய்தியாளர்களை வரவேற்றுப் பேசினார். மறைந்து வாழ்ந்த ஒரு வழிபாட்டுக்கு வாயிற்கதவு திறந்த முதல்வர் எனலாம்.

வெளிச்சத்தின் விலை

கதவு திறந்ததும் காற்று மட்டுமா வரும்? புழுதியும் வந்தது. பரபரப்பு நாடிய இதழ்கள் அச்சமயத்தாரைச் சாத்தானை வணங்குவோர் எனப் பழித்தன. குழுவினுள்ளேயும் பிளவு தோன்றியது. டோரின் வேலியன்ட்டி என்னும் கவிஞர், அச்சமயத்தின் வழிபாட்டுரைகள் பலவற்றை அழகுற எழுதியளித்தவர். கார்டினர் இதழ்களை நாடிச் செல்வது குழுவினர்க்குத் தீங்கு விளைக்கும் என அவரும் வேறு சிலரும் அஞ்சினர். அவர்களுள் பலருக்கு வேலையும் குடும்பமும் அண்டை அயலும் இருந்தன. பெயர் வெளிப்பட்டால் அவற்றை இழக்க நேரும். ஆகவே விளம்பரத்திற்கு வரம்பு கட்டும் விதிகளை வகுத்து 1957-இல் முன்வைத்தனர். கார்டினரோ, அச்சமயத்தின் பழஞ்சட்டங்கள் இவை என வேறொரு விதித்தொகுப்பைக் காட்டினார். அவை பழமையானவை என்பதை வேலியன்ட்டி நம்பவில்லை, பிரிந்து சென்றார்.

இந்நிகழ்ச்சி நாம் நின்று எண்ணத் தக்கது. மறைவை விரும்பியோரிடமும் நியாயம் உண்டு; வெளிச்சத்தை விரும்பியவரிடமும் நியாயம் உண்டு. தாமே பேசாவிடில் பிறர் அவர்களைப்பற்றிப் பேசுவர். தாமே பேசினாலோ, பேசுபவர் ஒருவர், விலை கொடுப்பவர் பலர் என்றாகும். இதனால், ஒரு சமூகத்தின் சார்பில் பேசுபவர் அச்சமூகத்தின் இசைவைப் பெற்றே பேச வேண்டும் என்பது பெறப்படும்.

மற்றொரு பாடமும் இங்குண்டு. தம் சமயம் கற்காலம் தொட்டு அறுபடாது வருவது என்று கார்டினர் கருதினார். எகிப்தியல் அறிஞர் மார்கரெட் மர்ரியின் கொள்கை அதற்கு அரணாயிற்று. அவரே கார்டினரின் 1954-ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரையும் வழங்கினார். பிற்கால வரலாற்றறிஞர் அக்கொள்கையை ஏற்கவில்லை. ரொனால்டு ஹட்டன் 1999-இல் வெளியிட்ட பெருநூல், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற புதுச்சமயமே என நிறுவியது. வியப்பு யாதெனில், இதனால் அச்சமயம் அழிந்துவிடவில்லை. அதனைப் பின்பற்றுவோர் பலர், 'எம் சமயம் புதியதாயினும் எமக்கு உண்மையானதே' என்று கூறித் தெளிந்தனர். பொய்ப்பழமை என்னும் ஊன்றுகோல் இன்றியும் நம்பிக்கை நிற்கும் என்பதை அவர்கள் காட்டினர்.

அமெரிக்காவில் இம்முயற்சி வேறு வடிவம் கொண்டது. 1974-ஆம் ஆண்டு மினியாப்பொலிசு நகரில் கூடிய பல குழுவினர், தம் கொள்கைகளைப் பதின்மூன்று கூறுகளாகத் தொகுத்து வெளியிட்டனர். சாத்தான் என்னும் கருத்தே தமக்கு உடன்பாடில்லை என்பது அவற்றுள் ஒன்று. 1978-இல் அமெரிக்கத் தரைப்படை தன் சமயக் குருமாருக்கென வெளியிட்ட கையேட்டில் இச்சமயத்திற்கும் இடம் கிடைத்தது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சிறைவாசி ஒருவர் கேட்ட வழிபாட்டுப் பொருள்களை வழங்க மறுத்த அதே தீர்ப்பில், விக்கா ஒரு சமயமே என்று ஏற்றது. போரில் மாண்ட வீரர் கல்லறைகளில் அச்சமயத்தின் ஐம்முனை விண்மீன் குறியைப் பொறிக்க 2007-இல் அரசு இசைந்தது. 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் அஞ்சாது பதிந்துகொண்டனர். தூக்குமரம் முதல் கணக்கெடுப்புத் தாள் வரையிலான இந்நெடும்பயணத்தில் அவர்களுக்குத் துணைநின்றவை மூன்று: தம் கொள்கையைத் தாமே தெளிவாக எழுதியமை, சட்டத்தின் வழியே உரிமை கோரியமை, அண்டை அயலாரோடு பழகியமை.

நம் ஊரில் நம் கதை

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 1819-இல் பினாங்கிலிருந்து இராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை அடிகோலிய மாரியம்மன் கோயில், 1827 முதல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலைபெற்றுள்ளது. நாகப்பட்டினத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த உழைப்பாளிகளும் வணிகர்களும் அம்மனையும் உடன் கொணர்ந்தனர். திரௌபதை அம்மனைப் போற்றும் தீமிதி விழா பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாற்பதுகளிலிருந்தே அங்கு நடந்து வருகிறது. 1859-இல் நகரத்தார் டேங்க் சாலையில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் தைப்பூசத்தின் நிலைக்களமாயிற்று. சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து அக்கோயில் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவு காவடிகள் நடந்து செல்கின்றன.

இவ்விரு விழாக்களும் அயலார் கண்ணில் முதன்முதல் காட்சியாகவே பட்டன. குடியேற்ற ஆட்சிக்காலத்துப் பயணிகள் அவற்றை விந்தையாகவும் கொடுமையாகவும் வருணித்தனர். அவர்களது எழுத்தில் கன்னத்தில் தைத்த வேல் இருந்தது; அதற்கு முன்னிருந்த நோன்பு இல்லை. கனன்ற நெருப்பு இருந்தது. நோயுற்ற குழந்தைக்காக நேர்ந்துகொண்ட தாயின் கண்ணீர் இல்லை.

நம்மவருள்ளும் இவற்றை எதிர்த்தோர் இருந்தனர் என்பதை மறைத்தல் கூடாது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து சென்றபின் சீர்திருத்த உணர்ச்சி பொங்கியெழுந்தது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். காவடியையும் தீமிதியையும் உயிர்ப்பலியையும் சீர்திருத்தக்காரர் கண்டித்தனர். பகுத்தறிவு அவர்களது முதற்காரணம். பிற இனத்தார் கண்ணில் தமிழன் இழிந்து தோன்றுகிறானே என்னும் மானவுணர்ச்சி மற்றொரு காரணம். அம்மானவுணர்ச்சியை நான் மதிக்கிறேன். அவர்களால்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். சாதிச் செருக்குத் தளர்ந்தது. எனினும் காவடி நின்றுவிடவில்லை. ஏழை உழைப்பாளி தன் துன்பத்தைத் தன் உடலாலேயே இறைவனிடம் எடுத்துரைத்த மொழி அது. அம்மொழிக்கு வேறு சொல்லை எவரும் அவனுக்கு வழங்கவில்லை.

விடுதலைக்குப்பின் இவ்வுரையாடல் அமைப்புகளின் வழியே நடந்தது. 1968-இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது, இந்துக்களுக்குரிய ஒரு நாளாகத் தீபாவளி நிலைபெற்றது. தைப்பூசம் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. அதற்கடுத்த ஆண்டில் இந்து அறக்கட்டளை வாரியம் செயற்படத் தொடங்கியது. ஊர்வலத்தில் குழுக்களிடையே சச்சரவுகள் நேர்ந்தமையால் 1973-இல் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. இசையின்றிக் காவடியா என்னும் ஏக்கம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது. அரசோடும் காவல்துறையோடும் பொறுமையாகப் பேசியதன் பயனாக, 2016-ஆம் ஆண்டு பாதையின் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. தடைக்குக் காரணம் நம்மவரின் சச்சரவு என்பதையும், தளர்வுக்குக் காரணம் நம்மவரின் ஒழுங்கும் உரையாடலும் என்பதையும் மாணவருக்கு ஒருசேரக் கூற வேண்டும். ஒரு சமூகத்தின் நற்பெயர் அதன் நடத்தையில் தொடங்குகிறது; விளம்பரம் அதன் பின்னரே வரும்.

ஒரு படத்தின் ஆற்றல்

சமயத்தைப்பற்றிய ஒரு சொல்லோ படமோ எத்துணைப் பேரழிவை விளைக்கும் என்பதைச் சிங்கப்பூர் தன் குருதியால் கற்றது. 1950-ஆம் ஆண்டு மரியா ஹெர்டோ என்னும் டச்சுச் சிறுமியின் வழக்கு நடந்தது. இசுலாமிய அன்னையால் வளர்க்கப்பட்ட அச்சிறுமி கன்னிமாடத்தில் தங்க வைக்கப்பட்டிருந்தாள். மேரியன்னை சிலையின்முன் அவள் நிற்கும் படங்களை நாளேடுகள் வெளியிட்டன. முசுலிம் மக்களின் நெஞ்சம் புண்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் மூண்ட கலவரத்தில் 18 பேர் மாண்டனர்; 173 பேர் காயமுற்றனர். படம் எடுத்தவர் அச்சிறுமியிடமும் கேட்கவில்லை. வளர்த்த அன்னையிடமும் கேட்கவில்லை. உரியவர் குரல் ஒலியாத இடத்தில் படம் பேசியது.

இதற்கு முந்திய ஆண்டிலேயே, 1949 மார்ச்சுத் திங்களில், பல சமயத் தலைவர்கள் ஒன்றுகூடி அனைத்துச் சமய அமைப்பைத் தோற்றுவித்திருந்தனர். விதை ஊன்றப்பட்டிருந்தது, நிழல் தரும் காலம் வரவில்லை. இந்து, யூதம், சொராட்டிரம், பௌத்தம், தாவோ, சமணம், கிறித்தவம், இசுலாம், சீக்கியம், பகாய் என்னும் பத்துச் சமயத்தாரும் இன்று அவ்வமைப்பில் ஒருங்கிருக்கின்றனர். 1990-இல் சமய நல்லிணக்கத்தைப் பேணும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் தீய நாவை அடக்கும். ஆனால் அறியாமையால் எழும் வினாவுக்கு அது விடை கூறாது. அவ்விடை வீட்டிலும் வகுப்பிலும்தான் பிறக்க வேண்டும்.

ஆசிரியர் செய்யத் தக்கது

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவருள் இந்துக்கள் நூற்றுக்கு ஐவர். அதாவது, நம் பிள்ளை சந்திக்கும் இருபதின்மருள் பத்தொன்பதின்மர் காவடியை வெளியிலிருந்தே காண்பவர். அவர்களுக்கு விடை கூறும் பொறுப்பு, பல வேளைகளில், பத்து வயதுச் சிறுவன் தோளில் வந்து விழுகிறது. அவனை நாம் வெறுங்கையோடு அனுப்பலாமா?

அவனுக்கு நாம் கற்பிக்க வேண்டியவை மூன்று என எண்ணுகிறேன். முதலாவது, தன் வழிபாட்டைத் தன் சொல்லால் கூறுதல். நோன்பு, நேர்த்திக்கடன், காவடி, அலகு, தீமிதி ஆகிய சொற்களின் பொருளை அவன் அறிந்திருக்க வேண்டும். முருகனை வேலன் வெறியாடிப் போற்றிய செய்தி திருமுருகாற்றுப்படையில் உண்டு என்பதை அவன் தெரிந்துகொள்வானாயின், தன் தந்தையின் காவடி தமிழ் மரபில் நிற்கும் இடம் அவனுக்குப் புலனாகும். இரண்டாவது, உண்மையை மட்டும் கூறுதல். பத்தாயிரம் ஆண்டுப் பழமை என்றோ, தீமிதித்தால் இன்ன நோய் தீரும் என அறிவியல் கூறுகிறது என்றோ அளந்துவிடுதல் ஆகாது. விக்காவின் வரலாறு இங்கு நமக்கு ஆசான். புனைந்துரைத்த பழமை ஒருநாள் உடையும். உடையும்போது உண்மையையும் உடன் இழுத்துச் செல்லும். 'என் தந்தை என் தங்கையின் உடல்நலத்திற்காக வேண்டிக்கொண்டார். வேண்டியதை நிறைவேற்றினார்' என்பதில் பொய் ஒன்றுமில்லை. அதைக் கேட்டு நகைப்பவர் அரியர். மூன்றாவது, கேட்பவனையும் கேட்டல். தன்னைப்பற்றி மட்டும் பேசி, பிறரைப்பற்றி ஒன்றும் வினவாதவன் உரையாடுபவன் அல்லன், பறை சாற்றுபவன்.

மறுநாள் அம்மாணவனிடம் இவற்றை எளிய சொற்களில் கூறினேன். "இவ்வளவும் சொன்னால் அவன் கேட்பானா, ஐயா?" என்றான். "உன் அப்பாவையே சொல்லச் சொல்" என்றேன். அவன் சென்று தந்தையாரிடம் உரைத்திருக்கிறான். மறு ஆண்டுத் தைப்பூசத்தன்று அவர் அண்டை வீட்டாரைப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நாற்பத்தெட்டு நாள் தாம் இருந்த நோன்பை அவர்களுக்கு எடுத்துரைத்தார். அலகு குத்தும்போது அச்சீனச் சிறுவன் கண்ணை மூடிக்கொண்டானாம். பிறகு டேங்க் சாலை வரை உடன் நடந்தானாம்.

அதன்பின் ஏழாம் மாதத்தில், அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் அச்சீனக் குடும்பத்தார் தம் முன்னோர்க்குக் காகிதப்பணம் எரித்தபோது, நம் மாணவன் அருகில் சென்று, "இது யாருக்காக?" என்று கேட்டான். அந்தப் பாட்டியார் தம் மாமியாரின் கதையை அவனுக்கு நெடுநேரம் சொன்னாராம். அதுவரை அவ்வாண்டுதோறும் எழும் புகையைக் கண்டு சாளரத்தைச் சாத்திய வீடு அவனுடைய வீடு.

'பேயை வணங்குபவரா?' என்று நம்மை ஒருவன் கேட்டபோது நாம் வருந்தினோம். நம் வீட்டுச் சாளரத்தைச் சாத்தியபோது நாமும் சொல்லின்றி அதே வினாவைத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம்? வஞ்சி மாநகரில் மணிமேகலை வாயில்தோறும் சென்று கேட்டாள். நம் பிள்ளைகளுக்கு வாயில்கள் அவ்வளவு தொலைவில் இல்லை. ஒரே மாடியில், எதிரெதிரே இருக்கின்றன. தட்டும் கையையும், தட்டினால் திறந்து தன் கதையை உண்மையாக உரைக்கும் நாவையும் அவர்களுக்கு அளிப்பதே தமிழாசிரியராகிய நம் பணி.